பூட்டுக்காரர் கை கட்டி உட்கார்ந்த நாள்

பூட்டுக்காரருக்குப் பெயர் இல்லாமல் இல்லை, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. கடைத்தெருவில் அவர் "பூட்டு". நெசவுச் சங்கத்தில் "பூட்டண்ணன்". வீட்டில் "என்னங்க". யாராவது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையடா கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

வயது ஐம்பத்து நாலு. செருப்புத் தைக்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற கடை. பின்சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவி. அவர் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. சிரித்த முகத்தோடு ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவன், கார்ச் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துச் சாத்தியவன், பீரோ சாவியைத் தொலைத்துவிட்டுப் பெண்டாட்டிமேல் பழி போடுகிறவன், எல்லோரும் கடுகடுவென்றுதான் வருவார்கள். முப்பது வருஷம் அந்த மூஞ்சிகளைப் பார்த்துப் பார்த்து இவர் மூஞ்சியும் அப்படியே ஆகிவிட்டது. வாயும் அப்படித்தான். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், "நீங்க பேசாம இருந்தா அஞ்சு நிமிஷம்" என்பார்.

இப்படிப்பட்ட ஆள் நெசவுச் சங்கத்துக்குள் எப்படி நுழைந்தார் என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு பூட்டைத் திறக்கத்தான் போனார்.

பெயிண்ட் கடைக்கு மேலே, முதல் மாடியில் சங்கம். மரப்படி ஏறும்போதே தின்னர் வாசனை மூக்கில் ஏறும், உள்ளே போனால் கம்பளி நூல் வாசனை. நீளமான ஒரே அறை. ஜன்னல் பக்கம் ஆறு தறி. எதிர்ச்சுவரில் நூல் அலமாரி. மூலையில் ராட்டை வைத்துக்கொண்டு நூற்பவர்கள், ஊசி வைத்துக்கொண்டு பின்னுகிறவர்கள். நடுவில் ஒரு பெரிய மேசை, அதன்மேல் மிச்ச நூல் போடும் கூடை. யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த நூல் அலமாரியின் பூட்டுத்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இறுகிப்போனது. சங்கத்துச் செயலாளர் ஒரு பல் டாக்டரம்மா. அவர்தான் ஆள் அனுப்பினார்.

பூட்டுக்காரர் வந்தார், மூன்று நிமிஷத்தில் திறந்தார், எண்ணெய் விட்டார், பையை மூடினார். போகவில்லை. பக்கத்துத் தறியில் ஒருவர் மிதியை மிதிப்பதையும், இழைகளில் பாதி மேலேயும் பாதி கீழேயும் பிரிவதையும், நடுவில் திறந்த வழியில் நாடா என்கிற நூல் சுற்றிய கட்டை ஓடுவதையும் பார்த்துக்கொண்டே நின்றார். அரை மணி நேரம் ஆயிற்று.

"வேற ஏதாவது பூட்டு பாக்கணுமாண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பூட்டு இல்ல. இது எப்படித் திறக்குது?"

"எது?"

"இந்த நூலுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மாலையில் ஆறு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு நேரே பெயிண்ட் கடை மாடிக்குத்தான்.

அவர் மனைவி ஒரு பெரிய சலவை நிலையத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பிலிருந்து ஓட்டல் மேசைத் துணிவரை அவள் கையில் படாத துணி இல்லை. முன்பக்கத்தைப் பார்த்து எந்தத் துணியையும் நம்பமாட்டாள். கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள், அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், அப்புறம் தண்ணீரில் போடுவாள். பூட்டுக்காரர் முதன்முதலாக நெய்த துண்டைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டியபோதும் அதைத்தான் செய்தாள். குளித்துத் துவட்டுகிற அளவில் தண்ணீருக்குள் போனது, மூக்குத் துடைக்கிற அளவில் வெளியே வந்தது.

"என்னங்க, துண்டுதானே சொன்னீங்க? இது கைக்குட்டையால்ல இருக்கு!"

"நூலை முதல்லயே நனைச்சுக் காயவச்சிருக்கணும். மறந்துட்டேன்."

"பரவாயில்ல, இன்னொரு தடவை போட்டா தபால் தலை ஆயிடும், ஒட்டி அனுப்பிடலாம்."

அந்தக் கைக்குட்டையை அவர் இன்னும் கடையில் வைத்திருக்கிறார், சாவித் தூளைத் துடைக்க.

அவளே ஒரு நாள் ஒன்று கேட்டாள். கல்யாணமான இருபத்தாறு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே போர்வை. இவர் தூக்கத்தில் புரளுகிற ஆள். "விடியறப்போ பாத்தா நீங்க புழு மாதிரி சுருட்டிக்கிட்டுக் கிடக்கறீங்க, நான் வெளியில விறைச்சுக்கிட்டுக் கிடக்கறேன். நெய்யறேன் நெய்யறேன்னு போறீங்களே, நீங்க சுருட்டினது போக எனக்கும் மிச்சம் இருக்கற மாதிரி அகலமா ஒண்ணு நெய்ங்க பாக்கலாம்."

அகலமாக நெய்ய அகலமான தறி வேண்டும். சங்கத்தில் அப்படி இருப்பது ஒன்றுதான், நாலாம் நம்பர் தறி. வரிசையில் பெயர் எழுதி ஒன்றரை வருஷம் காத்திருந்தார். போன வருஷம் அது அவருக்கு வந்தது. சாம்பல் நிறமும் காப்பி நிறமும் கட்டம் போட்டுக் கம்பளிப் போர்வையைத் தொடங்கினார். சரியாகப் பாதி வந்திருந்தது.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. தறி யாருக்கும் சொந்தமில்லை. தறி கிடைத்தவர் அந்த வருஷத்துக்குள் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து, பாவு போடுவதிலிருந்து ஒரு முழுத் துண்டு நெய்யவைக்க வேண்டும். வருஷம் முடிகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை சோதனை. பத்து மணிக்கு அறை திறக்கும், ஆறு மணிக்குச் சாத்தும். அதற்குள் கற்றவர் துண்டை முடித்து இறக்க வேண்டும். கற்றுக் கொடுத்தவர் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலில் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாய் திறந்தாலோ, விரல் பட்டாலோ, தறி வரிசையில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். முன்பெல்லாம் சிலர் சோம்பல்பட்டுத் தாங்களே நெய்து கொடுத்துவிட்டு, "நல்லா கத்துக்கிட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டார்களாம். அதனால் வந்த விதி. எல்லோரும் முன்னாலேயே முக்கால் துண்டை நெய்து வைத்து, சோதனை அன்று ஒரு சாண் மட்டும் நெய்து முடிப்பார்கள். பெரிய விஷயமில்லை.

சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. பூட்டுக்காரருக்கு முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். மூன்றாம் நாள் அவர் நூலைக் கோணலாக இழுத்ததும், "உனக்குத் துணியை வெட்டத்தான்யா தெரியும்!" என்று இவர் ஒரு சத்தம் போட்டார். தையல்காரர் எழுந்து போனவர்தான், வேறு ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டார். இரண்டாவது, பேங்கில் வேலை செய்யும் ஒரு பெண். "இப்படியா?" "இல்ல." "அப்போ இப்படியா?" "இல்ல." "அப்போ எப்படி?" "சரியா." அந்தப் பெண்ணும் போய்விட்டாள்.

தறி போனால் போர்வையும் போச்சு. பாதியில் வெட்டி இறக்க வேண்டியதுதான். பாதிப் போர்வைக்குப் பெயர் மிதியடி. வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது டாக்டரம்மா மூன்றாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஆள் இவரைவிட ஒன்பது வயது பெரியவர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆன பிறகும் கையில் நோட்டும், மூக்குநுனியில் கண்ணாடியும், காதோரம் ஒரு பென்சிலும். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பாடத்திட்டம் என்ன தம்பி?"

"திட்டம் எல்லாம் இல்ல டீச்சர். நான் செய்வேன், நீங்க பாருங்க. அப்புறம் நீங்க செய்வீங்க, நான் பாப்பேன்."

"எதுக்காக எதைச் செய்யறோம்னு?"

"அது செய்யச் செய்யத் தெரியும்."

டீச்சர் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அந்தம்மா நல்ல கைக்காரர். நூல் சுற்றச் சொன்னால் இறுக்கமும் தளர்வும் இல்லாமல் சுற்றுவார். கேள்விதான் ஓயாது. "ஏன் ரெண்டு கலர்?" "ஏன் இடமிருந்து வலம்?" பூட்டுக்காரருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "செய்ங்க, சொல்றேன்." செய்தபிறகு சொல்லவும் மாட்டார். ஐந்து வாரம் இப்படியே ஓடியது. பழகுவதற்கென்று போட்டதை எல்லாம் பிரித்துவிட்டு, சோதனைத் துண்டுக்கான பாவை கடைசி வாரம் செவ்வாய்க்கிழமைதான் தொடங்கினார்கள். வெள்ளையும் நீலமும், இருநூற்று நாற்பது இழை. பாவு என்றால் துணியின் நீளவாக்கு நூல். அதைத் தறியில் ஏற்றும் முன், முளைகள் அடித்த ஒரு சட்டத்தில் ஒவ்வொரு இழையாகச் சுற்றி நீளம் அளக்க வேண்டும். சட்டத்தின் ஒரு முனையில் இரண்டு முளைக்கு நடுவே எட்டு எழுதுகிற மாதிரி நூலைக் குறுக்கே மாற்றி மாற்றிப் போடுவார்கள். முதல் இழை முளைக்கு மேலே என்றால் அடுத்தது கீழே. சங்கத்தில் அதற்குப் பெயரே "எட்டு". எட்டு போட்டு முடித்ததும் வேறு கலர் நூல் ஒன்றால் அந்தக் குறுக்கைக் கட்டிவிட்டுத்தான் பாவைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். பூட்டுக்காரர் சிவப்பு நூலால் கட்டச் சொன்னார். டீச்சர் கட்டினார்.

"இது எதுக்கு?"

"கட்டுங்க, சொல்றேன்."

பாவைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சின்னத் தறிமேல் போட்டுவிட்டு, பூட்டுக்காரர் கீழே தேநீர் குடிக்கப் போனார். திரும்பி மேலே வந்தபோது டீச்சர் நீலமும் வெள்ளையுமாகப் பாவை அழகாகத் தட்டி வைத்திருந்தார். மேசைமேல், வட்டமாகச் சுருட்டி, சிவப்பு நூல்.

பூட்டுக்காரர் அந்தச் சிவப்பு நூலையே பார்த்தார்.

"வெள்ளையும் நீலமும் இருக்கற இடத்துல சிவப்பு ஒண்ணு தொங்கிச்சு தம்பி. பாக்க நல்லால்ல. நான்தான் எடுத்துட்டேன்" என்றார் டீச்சர். குட்டியாய் முடிச்சுப் போட்டு மிச்சக் கூடையில் போடுவதற்குத் தயாராகவும் வைத்திருந்தார்.

எட்டு போயிருந்தது. எந்த இழைக்கு அடுத்து எந்த இழை என்று சொல்ல இனி ஒன்றுமில்லை. இருநூற்று நாற்பது நூலும் சேர்ந்து ஒரு கயிறு.

அறையில் எல்லோரும் ராட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது ஒரு சத்தம் வரும் என்று பெயிண்ட் கடைக்காரன்கூடக் காதைத் தீட்டியிருப்பான். சத்தம் வரவில்லை. பூட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். திட்டுவதைவிட அது மோசமாக இருந்தது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

படியடியில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். பழைய கணக்கை மறக்காத மனுஷன்.

"என்னண்ணே, இதுவும் ஓடிடுச்சா?"

"உன் வேலையைப் பாருய்யா."

"பாக்கறேன் பாக்கறேன். ஆமா, தறி வரிசையில முதல் பேரு யாரோடதுன்னு தெரியுமா? மேல பலகையில எழுதியிருக்கே, படிக்கலயா? உங்க டீச்சரம்மாதான். கத்துக்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பேரு எழுதி வச்சுட்டாங்க. நீங்க கவுந்தா நாலாம் நம்பர் அவங்களுக்கு."

பூட்டுக்காரர் வீட்டுக்கு நடந்துதான் போனார். பஸ் இரண்டு வந்தது, விட்டுவிட்டார்.

"தெரிஞ்சே உருவியிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?" என்று மனைவி கேட்டாள், சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"நினைக்காம என்ன? முப்பத்தொரு வருஷம் கணக்குப் போட்ட ஆளு. எதை உருவினா என்ன கவிழும்னு தெரியாதா?"

"நீங்க எதுக்குக் கட்டறதுன்னு சொன்னீங்களா?"

அவர் இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்கே நீங்க எதையும் சொல்றதில்ல. வாசக்கதவுப் பூட்டை மாத்திட்டு, புதுச் சாவியைக் கொடுக்காம கடைக்குப் போன ஆளுதானே? மூணு மணி நேரம் வாசல்ல நின்னேன்."

புதன்கிழமை சங்கத்தில் ஆள் வருகிற நாளில்லை. ஆனால் பூட்டுக்காரரிடம் எந்த அறைக்கும் சாவி உண்டு, அதிலும் சங்கத்துப் பூட்டு அவரே போட்டது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மாடி ஏறினார். சங்கக் கதவு திறந்திருந்தது. டாக்டரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு டீச்சர் முன்பே வந்து, சிக்கிய பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் ஏழு இழை பிரித்திருந்தார், ஏழும் அறுந்திருந்தன.

பூட்டுக்காரர் உட்காராமலே கேட்டார். "டீச்சர், நேராவே கேக்கறேன். அந்த நூலைத் தெரிஞ்சே உருவினீங்களா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கேக்கறீங்க?"

"வரிசையில முதல் பேரு உங்களோடதாமே."

"ஆமா, என் பேருதான். என் வாழ்க்கையில நான் வரிசை தவறினதே இல்ல, பஸ்லகூட." குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "காப்பி அடிச்சவங்களை எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன் தெரியுமா? என்னையே காப்பியடிக்கறவன்னு சொல்றீங்களா? இந்தாங்க."

நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். இவர் செய்யச் சொன்னது எல்லாம் வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பத்தி, மேலே "ஏன்?" என்று தலைப்பு. அந்தப் பத்தி முழுக்கக் காலி. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், பதினேழாவது: "சிவப்பு நூலால் கட்டு." எதிரே ஒன்றுமில்லை.

பூட்டுக்காரர் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஐந்து வாரக் காலி. சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார். ஒரு கதவுப் பூட்டின் உருளை அகப்பட்டது. கடையில் வேலை பாதியில் போட்டுவிட்டு வந்தது.

"இதைப் பாருங்க. இது பூட்டோட வயிறு. சாவி போற உருளை உள்ள இருக்கு. அதுக்கு மேல வரிசையா அஞ்சு பொடிப் பின்னு, ஒண்ணொண்ணும் ஒரு உயரம். பின்னுக்கு மேல ஸ்பிரிங். உருளையை இப்படியே உருவினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

அவர் உருவினார். டக்கென்று ஒரு சத்தம். மணல் அளவுப் பின்களும் ஸ்பிரிங்குகளும் மேசைமேல் தெறித்து, பாதி தறிக்கு அடியில் ஓடின.

"ஐயையோ!" என்று டீச்சர் எழுந்துவிட்டார்.

"இதான் ஆகும். இப்போ எது எந்த ஓட்டைன்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் வெறுமனே உருவக் கூடாது. பின்னாலயே அதே கனத்துல ஒரு கம்பியைத் தள்ளிக்கிட்டே உருவணும். கம்பி உள்ள இருக்கற வரைக்கும் பின்னு எல்லாம் அதது இடத்துல நிக்கும். உங்க சிவப்பு நூல் இருக்கே, அதான் அந்தக் கம்பி. எட்டுக்குள்ள ரெண்டு குச்சி போடற வரைக்கும் அது போகக் கூடாது. போச்சுன்னா..." தறிக்கு அடியைக் காட்டினார்.

டீச்சர் உட்கார்ந்தார். காதோரத்துப் பென்சிலை எடுத்தார். பதினேழுக்கு எதிரே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல" என்றார்.

"ஆகல."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"என்னை யாரும் ஏன்னு கேட்டதில்ல டீச்சர். எங்கிட்ட அவசரமாத் திறந்து விட்டா போதும்னு வர்றவங்கதான்."

பிறகு இரண்டு பேரும் தரையில் முழங்கால் போட்டு ஐந்து பின்னையும் தேடி எடுத்தார்கள். டீச்சருக்கு முழங்கால் வலி. இருந்தும் நாலை அவர்தான் கண்டுபிடித்தார்.

பாவைப் பிரிக்க ஒரே வழிதான். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் கனம் தொங்கவிட்டு, மேலாக வருகிற இழையை ஒவ்வொன்றாக எடுத்துப் புது எட்டு போட வேண்டும். கனத்துக்குப் பூட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு பழைய ஷட்டர் பூட்டைக் கொண்டுவந்தார். டீச்சர் பிடித்துக்கொள்ள, இவர் எடுத்தார். பிறகு இவர் பிடித்துக்கொள்ள, டீச்சர் எடுத்தார். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் கை ஓயவில்லை, இந்தத் தடவை இவர் வாயும் ஓயவில்லை. காலிப் பத்திகளை முதல் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தார்கள். நூலை ஏன் நனைக்க வேண்டும் என்ற இடத்தில் கைக்குட்டைக் கதையைச் சொன்னார். டீச்சர் சிரித்த சிரிப்பில் பதினோரு இழை கை நழுவியது, திரும்பப் பிடித்தார்கள்.

அறுந்தது போக இருநூற்று முப்பத்தொரு இழை தேறியது. மீதியை மிச்சக் கூடையிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் தறி ஏறியது. அன்று மாலை அறை சாத்தும்போது ஒரு சாண் துணி வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒரு சாண் பாக்கி இருக்கும், இவர்களுக்கு ஒரு சாண்தான் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா குட்டை ஸ்டூலை எடுத்துப் போட்டார். "அண்ணே, தெரியுமில்ல? கை, வாய் ரெண்டும்."

"தெரியும், தெரியும்."

"இப்பவே பேசறீங்க."

"இன்னும் உக்காரலையே!"

உட்கார்ந்தார். கையைக் கட்டினார். வாயை மூடினார். மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை, இந்த வேடிக்கையைப் பார்க்கவே வந்திருந்தாள். "இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் பாக்கறேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டாள்.

டீச்சர் நெய்தார். வேகம் இல்லை, நிதானம். வெள்ளை இருபது ஓட்டம், நீலம் நாலு ஓட்டம், உதடு அசைய எண்ணிக்கொண்டே. மிதி, நாடா, தட்டு. மிதி, நாடா, தட்டு. மற்ற தறிகளில் ஒவ்வொருவராக முடித்துத் துணியை இறக்கினார்கள், கை தட்டினார்கள், போனார்கள். இவர்கள் தறி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்குப் பாதிகூட வரவில்லை. டீச்சர் சாப்பிட எழுந்திருக்கவில்லை, ஒரு வாழைப்பழத்தை உரித்து உட்கார்ந்தபடியே தின்றார்.

மூன்று மணிக்குத் தையல்காரர் வந்தார். தறிக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், மெதுவாவே நெய்ங்க, என்ன அவசரம்? ஆறு மணி அடிச்சா தறி உங்களுக்குத்தானே?" என்றார்.

டீச்சரின் கை நின்றது. பூட்டுக்காரர் ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தார். அந்தம்மா கண்ணாடிக்கு மேலாகத் தையல்காரரைப் பார்த்தார். "தம்பி, பின்னால போய் நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றார். தையல்காரர் தன்னை அறியாமலே பின்னால் போய் நின்றார். பழைய மாணவர்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

ஆனால் நின்ற கையைத் திரும்ப ஓட்டும்போது டீச்சர் நாடாவைக் கொஞ்சம் சாய்த்து விட்டுவிட்டார். திறந்த வழிக்குள் போக வேண்டிய நாடா, நாலு இழைக்கு அடியில் முங்கிப் போய் அந்தப் பக்கம் வந்தது. மேலேயிருந்து பார்ப்பவருக்கு அது லேசில் தெரியாது. பூட்டுக்காரர் உட்கார்ந்திருந்ததோ குட்டை ஸ்டூல். அவர் கண்ணுக்கு நேராகத் துணியின் அடிவயிறு. நாலு இழை அகலத்துக்கு ஒரு நூல் தொளதொளவென்று தொங்கியது.

வாயைத் திறந்தார். டாக்டரம்மா பார்த்தார். வாயை மூடினார். கட்டிய கையின் விரல்கள் கக்கத்துக்குள் போய் நசுங்கின. டீச்சர் தட்டினார், அடுத்த ஓட்டம் விட்டார், அடுத்தது, அடுத்தது. இப்போதும் இரண்டு ஓட்டம் பிரித்தால் போதும். இப்போது நாலு. இப்போது பத்து. அவர் நெற்றியில் வியர்வை ஊறியது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தது மூஞ்சி. நீலம் நாலு ஓட்டம் முடிந்து வெள்ளை தொடங்கியபோது, பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

ஐந்தரை மணிக்கு டீச்சர் கடைசி நீலத்தைப் போட்டார். ஐந்து நாற்பத்தைந்துக்குக் கத்தரிக்கோலை எடுத்து, பாவை வெட்டித் துண்டை இறக்கினார். டாக்டரம்மா நீளத்தை அளந்தார், ஓரத்தைத் தடவினார். விதியில் முழுத் துண்டு என்றுதான் இருக்கிறது, பழுதில்லாத துண்டு என்று இல்லை. புத்தகத்தில் நாலாம் நம்பருக்கு எதிரே பூட்டுக்காரரின் பெயரையே திரும்ப எழுதினார்.

"இனிமே பேசலாம்ணே."

பூட்டுக்காரர் கையை அவிழ்த்தார். தோள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. "டீச்சர், தறி உங்களுக்குக் கிடைக்காமப் போச்சே" என்றார்.

"வரிசையில நான் இன்னும் முதல்லதான் இருக்கேன். அடுத்தது காலியாகும்போது வரும்" என்றார் டீச்சர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஆனா, எனக்குத் தறி வந்து நான் யாருக்காவது சொல்லிக் கொடுக்கும்போது, என்னையும் அந்த ஸ்டூல்ல உக்கார வைப்பீங்களே, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

கற்றவர் நெய்கிற முதல் துண்டு கற்றுக் கொடுத்தவருக்கு என்பது சங்கத்தில் வழக்கம். பூட்டுக்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் முன்னே மனைவி துண்டைக் கையில் வாங்கினாள். திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கினாள். கட்டைவிரல் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றது.

"இங்க நாலு இழை தாவியிருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? எப்போ?"

"அப்பவே. மூணு மணிக்கு."

அவள் துண்டைத் தாழ்த்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "பாத்துட்டா சும்மா உக்காந்திருந்தீங்க? நீங்களா?"

"கை கட்டியிருந்துச்சுல்ல."

அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டைத் தண்ணீரில் போட்டாள். கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பிழிந்து, கயிற்றில் விரித்து, சாண் வைத்து அளந்தாள். ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை.

"நூலை நனைச்சிருக்காங்க" என்றாள்.

"ஏன் நனைக்கணும்னு சொல்லிக் கொடுத்தேன்."

"சரி, என் போர்வை எப்போ வரும்?"

"நீ பேசாம இருந்தா ரெண்டு மாசம்."

மூன்றரை மாசம் ஆயிற்று.